எதுல மூணு?

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. பயந்து அல்ல. அந்தப் பெயரை நல்லபடியாகச் சொல்கிறவர்கள் இந்த மலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வேறு எதற்கு?

எஸ்டேட்டில் எல்லோரும் அவளை ரைட்டரம்மா என்றார்கள். நான் மட்டும் கண்ணு என்று கூப்பிடுவேன். என்னைவிட ஐந்து வயது சின்னவள். ஆனாலும் பாசத்தில் கூப்பிடவில்லை. அவள் இடம் எது என்று அவளுக்குத் தெரியட்டும் என்று கூப்பிட்டேன். கடைசிவரை அது அவளுக்கு உறைக்கவில்லை. "சொல்லுங்க அக்கா" என்று சிரித்துக்கொண்டே ஓடிவருவாள். அதற்கும் எனக்குக் கோபம் வரும்.

காப்பி நாற்றுப் பண்ணை என் பொறுப்பில் இருந்தது. நர்சரி என்போம். பந்தல் போடுவது, பைக்கு மண் கலப்பது, விதை தேர்ந்தெடுப்பது, நாற்று எடுத்து வைப்பது, எல்லாம் நான் சொன்னபடி. என் கீழே எட்டுப் பெண்கள். எந்த நாற்று நிற்கும், எது சாகும் என்று தண்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். யாரும் என்னிடம் காரணம் கேட்டதில்லை. பதினோரு வருடம் அப்படிப் போனது. பிறகு மேனேஜர், "நர்சரிக்கும் ரெக்கார்டு வேணும்" என்று சொல்லி இவளைப் போட்டார்.

பக்கத்து ஊரான வெள்ளக்கடைக்காரி. அப்பாவுக்கு நான்கு ஏக்கர் தோட்டம். சேலத்துக் கல்லூரியில் புள்ளியியல் படித்துவிட்டு மலைக்கே திரும்பி வந்திருந்தாள். ஒல்லியாக, நெட்டையாக இருப்பாள். பனிமூட்டத்தில் ஸ்கூட்டியில் வருவாள். மதியத்துக்குச் சாமைச் சோறு கொண்டுவருவாள். பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு, "பென்சிலப் பாத்தீங்களா, பென்சிலப் பாத்தீங்களா" என்று நர்சரி முழுக்கத் தேடுவாள். எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அந்த ஒரு விஷயத்தில்தான் எனக்கு அவள்மேல் நிம்மதி இருந்தது.

அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. "எதுல?"

யார் எதைச் சொன்னாலும் அதைக் கேட்பாள். என்னோடு வேலை செய்த பொன்னி ஒரு நாள் பஸ்ஸைத் திட்டிக்கொண்டு வந்தாள். "சேலம் பஸ்ஸு நம்பவே முடியலீங்க. பத்து நிமிசம் முன்னப்பின்ன வருது. நம்ம வாழவந்தி பஸ்ஸே பரவால்ல, அஞ்சு நிமிசந்தான்."

மண் சலித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். இவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"எதுல பத்துங்க?"

"எதுலன்னா? பஸ்ஸுலதான்."

"சேலத்துல இருந்து வர ஒரு மணி நேரம் ஆவுது. அறுபது நிமிசத்துல பத்து. வாழவந்தியில இருந்து வர இருபது நிமிசம். இருபதுல அஞ்சு. எது மோசம்?"

பொன்னி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "அப்ப நம்ம டிரைவர்தான் கேடி!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் பஸ்ஸில் ஏறும்போது டிரைவரைப் பார்த்து, "ஏனுங்க, இருபதுல அஞ்சுங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதா?" என்று எட்டுப் பெண்களும் கேட்டார்கள். அவர் முழித்தார். நான் சிரிக்கவில்லை. பதினோரு வருடம் நான் எதைச் சொன்னாலும் தலையாட்டிய கூட்டம், மூன்று மாதத்தில் அவள் கேள்வியைத் தூக்கிக்கொண்டு திரிந்தது.

அது என் வீட்டுக்குள்ளும் வந்தது. என் வீட்டுக்காரர் எஸ்டேட்டின் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர். ஒரு நாள் குழம்பு இறக்கும்போது, "உப்பு ஒரு கரண்டி கூடிப்போச்சு" என்றேன். "எதுல ஒரு கரண்டி? ஒரு படி கொழம்புலயா, ஒரு அண்டாவுலயா?" என்றார். அவருக்கு அது வேடிக்கை. நான் கரண்டியைத் தரையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"நான் என்ன சொல்லிட்டேன் இப்ப? அந்தப் புள்ள சொல்றது சரிதான?" என்றார் உள்ளே இருந்து.

"அவளையே கொழம்பு வெக்கச் சொல்லுங்க" என்றேன்.

இதெல்லாம் சில்லறை. உண்மையான சண்டை விதையில் வந்தது.

மேல் காடு என்று எஸ்டேட்டில் ஒரு சரிவு. அங்கிருந்த பழைய காப்பி மரங்களைத் தண்டுப்புழு துளைத்துக் காலி செய்துவிட்டது. மொத்தமும் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட வேண்டும். அந்த இடத்துக்கு என்னிடம் விதை இருந்தது. கீழ்க் காட்டில் நான் பார்த்துப் பார்த்து வைத்திருந்த பதினான்கு மரங்கள். குட்டை ரகம். மூன்று வருடம் ஒவ்வொரு மரமும் எப்போது பூக்கிறது, எவ்வளவு காய்க்கிறது, புழு ஏறுகிறதா என்று கவனித்து, சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஒரு காடு முழுக்க நான் பொறுக்கிய விதை மரமாக நிற்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மேனேஜர் ஏதோ வேலையாக வெள்ளக்கடைக்குப் போனவர், அவள் அப்பாவின் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே நெட்டை ரகம். புழு தொடாமல் நின்றதாம். அதிலிருந்தும் இரண்டு கிலோ விதை வாங்கிவிட்டார். தை மாதம் இரண்டையும் ஒரே நாளில் போட்டோம். என் பாத்தி ஒரு பக்கம், அவள் பாத்தி ஒரு பக்கம்.

"எது ஒரே சீரா வளருதோ அதுதான் மேல் காட்டுக்கு. மத்தது இனிமே நர்சரியிலேயே வேண்டாம்" என்றார் மேனேஜர்.

சீர் ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். செடிகள் ஏறுக்குமாறாக வளர்ந்தால் பெரியது சின்னதை மூடிவிடும். பழமும் ஒன்றாகப் பழுக்காது. பறிக்க ஒரே மரத்துக்கு நான்கு தடவை ஆள் போக வேண்டும். அதனால் மேனேஜர் சொன்னதில் தப்பில்லை. என் நாற்று சீராக வரும் என்று எனக்குச் சந்தேகமும் இல்லை.

பாத்திக்கு ஐம்பது பைகளில் நம்பர் கட்டினாள். மாதம் ஒரு தடவை அளப்பாள். அதற்கென்று ஒரு மூங்கில் குச்சி செய்து, சிவப்புச் சாயத்தில் கோடு போட்டிருந்தாள். பொன்னி குச்சியைப் பையில் ஊன்றி அளவைச் சொல்ல, இவள் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து எழுதுவாள். ஏதாவது செடி செத்துப்போனால் நான் பிடுங்கப் போவேன். விட மாட்டாள்.

"இருக்கட்டுங்க அக்கா. அம்பதுன்னா அம்பது."

"செத்தத வெச்சு என்ன பண்ணுவ? கருமாதியா?"

"சராசரியில சேக்க மாட்டேன். ஆனா நோட்டுல இருக்கோணும்." அளந்து எழுதிப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொள்வாள்.

சித்திரையில் மேனேஜர் வந்து இரண்டு பாத்தியையும் சுற்றிப் பார்த்தார். "மேஸ்திரியம்மா பாத்திதான் சமமா இருக்கு" என்றார். கண் இருக்கிற யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க சார்" என்றாள் அவள்.

"ஏன்? உன் கணக்கே என்ன சொல்லுது?"

"அக்கா செடியில சராசரியா ரெண்டு சென்டிமீட்டர் ஏறி எறங்குது. என் செடியில மூணு."

"அதத்தான் கண்ணு நானும் சொல்றேன்" என்றேன். "உன்னுதுல ஒண்ணு அதிகம். முடிஞ்சுதா?"

"எதுல மூணுங்க அக்கா?"

அவளே நோட்டைப் புரட்டினாள்.

"என் செடி சராசரி இருபது சென்டிமீட்டர். இருபதுல மூணு. உங்க செடி பத்து. பத்துல ரெண்டு. நூத்துக்குன்னு பாத்தா எனக்குப் பதினஞ்சு, உங்களுக்கு இருபது. உங்க பாத்திதானுங்க அதிகமா ஆடுது."

மேனேஜர் நோட்டை வாங்கிப் பார்த்தார். "அட" என்றார். அந்த ஒரு சொல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

என்னால் விட முடியவில்லை. "சென்டிமீட்டர்ல அளந்தா நம்பர் பெருசு பெருசா வரும். உனக்கு வாகா இருக்கும். எங்க, அங்குலத்துல அளந்து காட்டு பாக்கலாம்" என்றேன்.

"ஏங்க அக்கா அங்குலம்? முழம் போட்டு அளங்க, பூக்காரம்மா கணக்கா" என்றாள் பொன்னி.

அவள் மறுக்கவில்லை. மேனேஜரிடம் அங்குல டேப் வாங்கிவந்து நூறு பைகளையும் மறுபடி அளந்தாள். மதியம் சாப்பிடக்கூட இல்லை. சராசரி மாறியது, ஏற்ற இறக்கமும் மாறியது. ஆனால் ஒன்றை ஒன்றால் வகுத்ததும் அதே பதினைந்து, அதே இருபது.

"பாத்தீங்களா அக்கா, அளவு எதுவானாலும் இது மாறாதுங்க. முழத்துலயும் மாறாது. நொம்ப நல்ல கேள்வி கேட்டீங்க" என்றாள். கிண்டல் இல்லை. கிண்டல் செய்திருந்தால் அன்றே கை நீட்டியிருப்பேன். அவள் மனதாரப் பாராட்டினாள். எட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று வீட்டுக்குப் போனதும் மகளின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். நான் பத்தாவதில் பாதியிலேயே நின்றவள். இந்தப் பாடம் புத்தகத்தின் கடைசியில் இருக்கிறது, நான் அதுவரை போகவில்லை. மாறுபாட்டுக் கெழு என்று பெயர் போட்டிருந்தது. கெழு என்றால் என்ன என்று மகளிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் போடத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு செடியும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதை அதாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, செடி எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அதுதான் ஏற்ற இறக்கம். அதைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் கெழு. போன் கால்குலேட்டரில் பத்து நாள் போராடினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். கேட்பேனா?

நாற்றையும் விடவில்லை. வெயில் படும் பையை நிழலுக்கும் நிழல் பையை வெயிலுக்கும் மாற்றினேன். பின்தங்கியதற்குத் தனியாக உரத்தண்ணீர் ஊற்றினேன். ஆனி மாத அளவுக்கு அவளுக்கு முன்னால் நானே கெழுவைப் போட்டுச் சொன்னேன்: எனக்குப் பதினான்கு, அவளுக்குப் பன்னிரண்டரை. நெருங்கிவிட்டேன். "சூப்பருங்க அக்கா!" என்றாள். என்ன பெண்ணோ. ஓட்டப்பந்தயத்தில் பின்னால் வருகிறவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கை தட்டுகிறாள்.

ஆடி மாதம்தான் கடைசி அளவு. அதற்கு ஒரு வாரம் முன்னால் சாயங்காலம் வேலை முடிந்து எல்லோரும் என் வீட்டுக்காரரின் பிக்கப்பில் ஏறினார்கள். பொன்னி குள்ளம். தரையில் நின்றால் ரைட்டரம்மாவின் தோளுக்குக்கூட வர மாட்டாள். பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் அம்மாவும் பிள்ளையும் மாதிரி இருக்கும். இருவரும் வண்டியின் பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் கொஞ்சம் தள்ளிப் பாதையில் நின்று பார்த்தேன். இருவருமே உயரமாகத் தெரிந்தார்கள். நடுவில் இருந்த வித்தியாசம் அதே ஒரு முழம்தான். ஆனால் அது ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது.

அப்போது எனக்குப் புரிந்தது. எல்லோரையும் ஒரே அளவு தூக்கிவிட்டால் ஏற்ற இறக்கம் அப்படியே நிற்கும். சராசரி மட்டும் ஏறும். வகுத்தால் கெழு இறங்கிவிடும். அதுவும் குட்டையானவர்களுக்குத்தான் அதிகம் இறங்கும். பத்தோடு மூன்றைக் கூட்டினால் பெரிது, முப்பதோடு மூன்றைக் கூட்டினால் சிறிது. அங்குலத்தில் அளந்தாலும் முழத்தில் அளந்தாலும் அசையாத அவளுடைய எண், இதற்கு அசையும்.

வீட்டில் மகளின் நோட்டில் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. இரண்டு மூன்று தடவை போட்டேன். எழுதி வைத்ததை அடுப்பில் போட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். பந்தலுக்குள் மூடுபனி. மூங்கில் குச்சியின் அடியில் மூன்று சென்டிமீட்டரை இரும்பு அறுக்கும் பிளேடால் அறுத்தேன். அந்தக் குச்சியில் கோடுகளே ஐந்திலிருந்துதான் தொடங்கும், அதற்குக் கீழே வெறும் மூங்கில். பார்த்தால் தெரியாது. அறுத்த இடத்தில் ஈர மண்ணை அப்பினேன். துண்டை முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதுவும் அடுப்புக்கே போனது.

கடைசி அளவு நடந்தது. பொன்னி ஊன்றி ஊன்றிச் சொன்னாள், அவள் எழுதினாள். என் நாற்றின் சராசரி இருபத்து மூன்று, ஏற்ற இறக்கம் இரண்டரை. அவளுடையது நாற்பத்து மூன்று, நான்கு புள்ளி எட்டு. எனக்குப் பத்து புள்ளி ஒன்பது. அவளுக்குப் பதினொன்று புள்ளி இரண்டு.

மேனேஜர் எனக்குக் கை கொடுத்தார். "மேல் காடு உங்களதும்மா" என்றார். அவள் ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "ஜெயிச்சுட்டீங்க அக்கா! எனக்கு நொம்ப சந்தோசம்!" அவள் கண்ணையே பார்த்தேன். அது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலையில் அவள் ஒரு பையைக் கையில் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். உள்ளே காய்ந்துபோன ஒரு செடி.

"அக்கா, முப்பத்தேழாம் நம்பர். உங்க பாத்தி."

"அது எப்பவோ செத்துப்போச்சு. அதுக்கென்ன இப்ப?"

"ஆனியில அளந்தப்பவே செத்துருந்துச்சு. பதினாலு சென்டிமீட்டர். இப்பப் பதினேழு."

"பொன்னி தப்பாச் சொல்லியிருப்பா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். என் பாத்தி, உங்க பாத்தி, ரெண்டுலயும் செத்தது நாலு இருக்குது. நாலும் மூணு மூணு வளந்துருக்குது." பையைக் கீழே வைத்தாள். "செத்த செடி வளராதுங்களே அக்கா."

"குச்சி தேஞ்சிருக்கும்" என்றேன்.

"மூணு சென்டிமீட்டர் தேயாதுங்க. மண்ணக் கழுவிப் பாத்தேன். அறுத்துருக்குது." கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டாள். "வெளாட்டுக்கு அறுக்கறவங்க மேலதான் அறுப்பாங்க. மேல அறுத்தா ஒண்ணுமே ஆவாது. கீழ அறுத்தா மட்டுந்தான் கெழு எறங்கும், அதுவும் குட்டைச் செடிக்கு அதிகமா எறங்கும். அது தெரியறதுக்குக் கணக்கு தெரியோணும். இந்த எஸ்டேட்டுல அது தெரிஞ்சது ரெண்டு பேருதானுங்க அக்கா. நான் அறுக்கல."

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. எனக்கு விளங்காத வேறு ஏதோ இருந்தது. பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "எப்படீங்க கண்டுபுடிச்சீங்க? யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்றாள்.

அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். என் வாய் கேட்கவில்லை.

"நீயும் பொன்னியும் பிக்கப்புல நின்னீங்க" என்றேன்.

ஒரு நொடி யோசித்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "அட சாமி! பிக்கப்பு! காலேஜுல மூணு வருசம் படிச்சேன், ஒருத்தரும் இப்படிச் சொல்லித்தரலீங்க அக்கா." சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஒண்ணும் பேசாதீங்க. குச்சி சரியில்ல, நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்னு சார்கிட்டச் சொல்லிக்கறேன். புதுக் குச்சியில திரும்ப அளந்துக்கலாம்."

அப்போதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. படிப்பு அவளுக்கு இருந்தது. என் கூட்டம் அவள் பின்னால் போனது. என் வீட்டுக்காரர் அவள் மாதிரிப் பேசினார். இப்போது என்னைக் காப்பாற்றுகிற நல்லவள் என்கிற பெயரும் அவளுக்கு. அதையும் சேர்த்து விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. அவளைத் தள்ளிக்கொண்டு நேராக ஆபீசுக்கு நடந்தேன். "அக்கா, அக்கா" என்று பின்னால் ஓடிவந்தாள். நான் நிற்கவில்லை.

"குச்சிய அறுத்தது நான்தான் சார்" என்றேன்.

மேனேஜருக்கு முதலில் புரியவில்லை. எந்தக் குச்சி என்றார். சொன்னேன். எப்படி என்றும் சொன்னேன். "உங்களுக்கு இங்க என்னம்மா குறை வெச்சோம்?" என்றார்.

"அவ ஜெயிக்கக் கூடாது சார். அதோட, அவ என்னக் காப்பாத்தவும் கூடாது."

அவள் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

புதுக் குச்சியில் மேனேஜர் முன்னாலேயே அளந்தார்கள். எனக்குப் பன்னிரண்டரை. அவளுக்குப் பன்னிரண்டு. அரைதான் வித்தியாசம்.

"சரி, உன் விதைதான்" என்றார் மேனேஜர் அவளிடம்.

"சார், அரைங்கறது எதுலங்க? பன்னண்டுல அரை. அம்பது செடியில ரெண்டு செடி மாறுனா இந்த அரை மாறிப்போயிரும். இத வெச்சு ஒண்ணு ஒசத்தி, ஒண்ணு மட்டம்னு சொல்ல முடியாதுங்க. ரெண்டும் ஒண்ணுதான். மேல் காட்டுல பாதிக்குப் பாதி வெக்கலாம்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "குச்சியை அறுத்தவங்க விதை எனக்கு வேண்டாம்" என்றார்.

அவள் விடாமல் வாதாடினாள். நான் அங்கேயே நின்று கேட்டேன். நான் கை வைக்காமல் இருந்திருந்தாலும் அவள் இதையேதான் சொல்லியிருப்பாள். பாதிக் காடு எனக்குக் கிடைத்திருக்கும். அதை என்னிடமிருந்து பிடுங்கியது அவள் இல்லை, நான்தான். அதற்குப் பிறகு அவளைத் திட்டக்கூட எனக்குச் சரியான காரணம் இல்லாமல் போய்விட்டது. அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

என் நாற்றுகளை வாழவந்திப் பக்கத்து விவசாயிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். என்னைக் குழி வெட்டும் ஆட்களோடு சேர்த்தார்கள். மேல் காட்டில் அவளுடைய நெட்டை நாற்றுகளை என் கையால்தான் நட்டேன். கோணலாக நட்டிருக்கலாம். வேரை மடித்து வைத்திருந்தால் இரண்டு வருடத்தில் தானாகச் செத்திருக்கும். நினைத்தேன். செய்யவில்லை. ஒரு செடியைக் கெடுக்க எனக்குக் கை வராது. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். என் வரிசைப் பக்கம் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை.

அடுத்த வருடம் அவள் கல்யாணமாகி ஆத்தூர்ப் பக்கம் போய்விட்டாள். அங்கே ஏதோ பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்றார்கள். நர்சரி இரண்டு வருடம் ஆள் மாறி ஆள் மாறிப் பாழாகி, மறுபடி என்னிடம் வந்தது. அளவுக் குச்சிக்கு அடியில் இரும்புப் பூண் போட்டு வைத்திருக்கிறேன். ஆடி மாதம் ஐம்பது பையை அளந்து கெழு போடுகிறேன். செத்ததையும் எழுதிப் பெருக்கல் குறி போடுகிறேன். யாராவது வந்து, "அக்கா, இந்தப் பாத்தியில ரெண்டு கூடுதலுங்க" என்றால், "எதுல?" என்று என் வாயில் வந்துவிடுகிறது. வந்த பிறகு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

போன வருடம் வைகாசியில் சேர்வராயன் கோயில் விசேஷத்துக்குப் போயிருந்தேன். குகைக்குள் போக வரிசை நீளமாக நின்றது. எனக்கு நாலைந்து பேருக்கு முன்னால் ஒரு நெட்டைத் தலை. கொண்டையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். பென்சில் இல்லை. திரும்பினாள், பார்த்துவிட்டாள். தன் இடத்தை விட்டுவிட்டு என்னிடம் வந்து நின்றாள்.

"அக்கா! நல்லா இருக்கீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

"இருக்கறோம்" என்றேன்.

"மேல் காடு எப்படி இருக்குதுங்க?"

"நிக்குது." நன்றாக நிற்கிறது. அதை நான் ஏன் சொல்ல வேண்டும்?

"உங்க பிக்கப்புக் கணக்கத்தான் இப்பவும் புள்ளைங்களுக்குச் சொல்லித்தர்றேன்" என்றாள். "ஒரு எஸ்டேட்டுல ஒரு அக்கா இருந்தாங்கன்னு ஆரம்பிப்பேன்."

"குச்சிய அறுத்ததையும் சொல்லுவியா?"

"அத எப்படீங்க சொல்லாம? அதுதானுங்க பாடமே." பிறகு என் பக்கம் குனிந்து, "ஆமா, எத்தனை அறுத்தீங்கன்னு நீங்க சொல்லவே இல்லியே?" என்றாள்.

நான் வேண்டுமென்றே, "மூணரை" என்றேன். இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று ஒரு நாளாவது அவள் தூக்கம் கெடட்டும்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"இல்லீங்க அக்கா, மூணுதான். செத்த செடி பொய் சொல்லாது."

வரிசை நகர்ந்தது. குகை வாசலில் எல்லோரும் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அவள் நெட்டை, என்னைவிட அதிகமாகக் குனிய வேண்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் பார்க்காதபடி நானும் குனிந்துகொண்டேன்.